அன்னைப் பேரரசியும் பொய்ச் சாட்சிகளும்

சீனத்தின் அன்னைப் பேரரசி சிஷி 1908-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் பீக்கிங் நகரில் காலமானார். ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் அப்பரந்த பேரரசின் கடிவாளம் அவர் கையில் இருந்தது. அரியணையில் அவர் ஒருநாளும் அமர்ந்ததில்லை. முதலில் அவருடைய மகன் அமர்ந்தான். பின்னர் தங்கை மகன் அமர்ந்தான். அச்சிறுவர்களுக்குப் பின்னே தொங்கிய திரைக்கு அப்பாலிருந்து அவர் ஆண்டார். திரைக்குப் பின்னிருந்து அரசாளுதல் என்பதற்குச் சீன மொழியில் தனித் தொடரே உண்டு.

நம் வாசகர்களுள் பலர் இப்பேரரசியைப் பற்றி வேறொரு வழியாகக் கேள்விப்பட்டிருப்பர். 2000-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சீன நாட்டு மறைசாட்சியர் 120 பேரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அவர்களுள் 87 பேர் சீனர்; 33 பேர் அயல்நாட்டு மறைப்பணியாளர். இவர்களுள் பெரும்பாலோர் 1900-ஆம் ஆண்டின் பாக்ஸர் கலகத்தில் உயிர் துறந்தவர்கள். அந்த ஆண்டில் சீனத்தை ஆண்டவர் சிஷி. ஆகவே அவரைப் பற்றிய நூல்களை நாம் கையிலெடுக்கும்போது முற்றிலும் நடுநிலையான வாசகராக இருப்பது எளிதன்று. நம் சகோதரரின் இரத்தம் நமக்கும் அந்நூல்களுக்கும் நடுவே நிற்கிறது.

அப்படி நிற்பதாலேயே ஒரு கேள்வியை நாம் தட்டிக்கழிக்க முடியாது. நம்மவருக்குத் தீங்கு செய்த ஓர் ஆட்சியாளரைப் பற்றிப் பொய் சொல்லப்பட்டால், அப்பொய் நமக்கு உவப்பாக இருக்கிறது என்பதற்காக அதை நம்பலாமா? சிஷியைப் பற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுதப்பட்டவற்றுள் சில நூல்களை இக்கேள்வியுடன் அணுகிப் பார்ப்போம்.

திரைக்குப் பின்னால் இருந்தவர்

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத செய்திகளைச் சுருக்கமாகக் காண்போம். 1835-இல் மஞ்சு அதிகாரி ஒருவரின் மகளாகப் பிறந்த சிஷி, 1852-இல் சியான்ஃபெங் பேரரசரின் அந்தப்புரத்தில் கீழ்நிலைத் துணைவியருள் ஒருவராகச் சேர்ந்தார். 1856-இல் அவர் ஓர் ஆண்மகவைப் பெற்றது அவர் வாழ்வையும் சீனத்தின் வரலாற்றையும் மாற்றியது. 1860-இல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் தலைநகரில் நுழைந்து பழைய கோடை அரண்மனையைத் தீக்கிரையாக்கின. வடக்கே ஜெஹோலுக்கு ஓடிய பேரரசர் மறு ஆண்டு அங்கேயே இறந்தார். ஐந்து வயதுச் சிறுவனின் பெயரால் ஆள எட்டுப் பேர் நியமிக்கப்பட்டிருந்தனர். சில மாதங்களுக்குள் சிஷி, பட்டத்தரசி சி ஆனுடனும் இளவரசர் கோங்குடனும் கைகோத்து அந்த எண்மரையும் வீழ்த்தினார். அவர்களின் தலைவரான சுஷுன் தலை வெட்டப்பட்டு மாண்டார். அப்போது சிஷிக்கு வயது இருபத்தைந்து.

மகன் தோங்ஜி 1875-இல் இளமையிலேயே இறக்க, தங்கை மகனான மூன்று வயதுக் குழந்தை குவாங்ஷூ அரியணை ஏறினான். வளர்ந்து ஆளத் தொடங்கிய குவாங்ஷூ 1898-இல் நூறு நாள் சீர்திருத்தத்தைத் தொடங்கியபோது, செப்டம்பர் 21-இல் சிஷி மீண்டும் ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். பேரரசர் காவலில் வைக்கப்பட்டார். சீர்திருத்தவாதிகள் அறுவர் கொல்லப்பட்டனர். தப்பி ஓடிய அறிஞர் காங் யூவெய் நாடு நாடாகச் சென்று பேரரசியைக் கொடியவராகச் சித்திரித்தார். அவரைப் பற்றி அயல்நாடுகளில் பரவிய கதைகளின் தொடக்க ஊற்றுகளுள் இது ஒன்று.

ஒரு நாட்குறிப்பின் கதை

கதைகளுக்கு ஆவணம் என்னும் மதிப்பைத் தந்த நூல் 1910-இல் இலண்டனில் வெளியானது. 'அன்னைப் பேரரசியின் ஆட்சியில் சீனம்' என்பது அதன் பெயர். எழுதியவர் இருவர். ஒருவர் இலண்டன் 'டைம்ஸ்' ஏட்டின் செய்தியாளரான பிளாண்ட். மற்றவர் பீக்கிங்கில் வாழ்ந்த சீன மொழி வல்லுநர் எட்மண்ட் பேக்கவுஸ். நூலின் உயிர்நாடியாக அமைந்தது சிங்ஷான் என்ற ஓய்வுபெற்ற மஞ்சு அதிகாரியின் நாட்குறிப்பு. 1900 ஆகஸ்டில், தலைநகர் வீழ்ந்தவுடன், அம்முதியவரின் வீட்டில் சீக்கியப் படைவீரர்கள் எரிக்கவிருந்த தாள்களிலிருந்து பேக்கவுஸ் அதை மீட்டதாக நூல் கூறிற்று.

அந்நாட்குறிப்பை வாசிப்பவர் தாமே அரண்மனைக்குள் நிற்பதாக உணர்வார். பேரரசியின் சினம், அமைச்சர்களின் அச்சம், தளபதி ரோங்லூவின் பொறுமையான அறிவுரை ஆகிய யாவும் நேரில் கண்டவர் சொல்வது போல வருகின்றன. ரோங்லூ நல்லவர், பேரரசி வெறிபிடித்தவர் என்ற பகுப்பு அதில் தெளிவாக உள்ளது. மேலைநாட்டு வாசகர் எதிர்பார்த்த கீழைநாட்டு அரசி அவர் எதிர்பார்த்தபடியே அங்கு காட்சியளித்தார். அறிஞர்கள் அதை மேற்கோள் காட்டினர்; பாடநூல்கள் அதைப் பின்பற்றின.

நாட்குறிப்போ போலி. 1936-இல் லூயிசன் என்பவர் அதன் உண்மையைக் குறித்து வலுவான ஐயங்களை எழுப்பினார். அதற்கு முன் அதை மொழிபெயர்த்து வெளியிட்டிருந்த டச்சு அறிஞர் டைவெண்டாக்கும் பின்னர் தம் நம்பிக்கையைக் கைவிட்டார். 1976-இல் ஆங்கில வரலாற்றாசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பர் பேக்கவுஸின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதிய நூல், அவர் வாழ்நாள் முழுவதும் ஆவணங்களையும் ஒப்பந்தங்களையும் உறவுகளையும் புனைந்தவர் என்பதை வெளிப்படுத்திற்று. அதே டிரெவர்-ரோப்பர் 1983-இல் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று விற்கப்பட்ட போலிகளை உண்மையென முதலில் நம்பி இடறினார். போலியைக் கண்டுபிடித்தவரும் மற்றொரு போலிக்கு இரையாகலாம். நாம் நம்ப விரும்புவதைச் சொல்லும் ஆவணம் எவருடைய விழிப்பையும் மழுங்கச் செய்துவிடும்.

இக்கதையில் நம்மைத் தனிப்பட உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. பேக்கவுஸ் தம் இறுதி ஆண்டுகளில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1944 தொடக்கத்தில் பீக்கிங்கில் இறந்தார். இறப்பதற்கு முந்தைய ஆண்டில் அவர் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகள், பேரரசியோடு தமக்குத் தகாத உறவு இருந்ததாகக்கூடக் கூறுகின்றன. மறைந்த பெண்ணொருவர் மீது, அவரால் மறுக்க முடியாத காலத்தில் சுமத்தப்பட்ட பழி அது. மனிதர் உள்ளத்தை இறைவனே அறிவார்; அவர் ஆன்மாவைத் தீர்ப்பிடுவது நம் வேலையன்று. ஆயினும் அவர் எழுத்தைத் தீர்ப்பிடுவது வாசகரின் கடமை. எட்டாம் கட்டளை அயலாருக்கு எதிராகப் பொய்ச் சாட்சி சொல்வதைத் தடை செய்கிறது. அந்த அயலார் நமக்குப் பிடித்தவராக இருக்க வேண்டும் என்று அது நிபந்தனை விதிக்கவில்லை.

நிழல் இல்லாத ஓவியம்

பேரரசியை அருகிலிருந்து கண்ட பெண்கள் இருவரின் நூல்கள் வேறு வகையின. அமெரிக்க ஓவியர் கேதரின் கார்ல் 1903-இல் அரண்மனைக்கு அழைக்கப்பட்டுப் பல மாதங்கள் தங்கி, 1904-ஆம் ஆண்டின் செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்காகப் பேரரசியின் உருவத்தைத் தீட்டினார். 1905-இல் வெளிவந்த அவருடைய நூல், மலர்களை நேசிக்கும், விருந்தினரிடம் கனிவு காட்டும், நகைச்சுவை உணர்வுடைய ஒரு மூதாட்டியைக் காட்டுகிறது. அந்நூலில் அவர் ஒரு குறையைச் சொல்கிறார். சீன அரசமரபின்படி முகத்தில் நிழல் விழலாகாது. எனவே ஒளியும் நிழலும் சேர்ந்து உருவாக்கும் முகத்தின் உயிர்த்தன்மையை அவர் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

கார்லின் ஓவியத்தில் மட்டுமன்று, நூலிலும் நிழல் இல்லை. விருந்தினராகச் சென்றவர், விருந்தோம்பியவரைப் பற்றி எழுதினார். மூன்றாண்டுகளுக்கு முன் அதே நகரில் நடந்தவை அந்நூலின் பூந்தோட்டங்களுக்கு வெகு தொலைவில் நிற்கின்றன. கார்ல் பொய் சொன்னார் என்று நாம் கருதவில்லை. கண்டதைச் சொன்னார், அவருக்குக் காட்டப்பட்டவை அவ்வளவே.

பிரான்சில் தூதராக இருந்த சீன அதிகாரி ஒருவரின் மகள் தெர் லிங், 1903 முதல் அரசவைப் பெண்ணாகப் பணியாற்றியவர். 1911-இல் வெளிவந்த அவருடைய நூல் தம்மையே பெரிதாக்கிக் காட்டும் குறையுடையது. ஆயினும் அதில் வரும் ஓர் உரையாடல் நம் கவனத்துக்குரியது. மறைப்பணியாளர்கள் ஏழைச் சீனக் குழந்தைகளின் கண்களைத் தோண்டி மருந்து செய்வதாகப் பேரரசி கூறுகிறார். தெர் லிங் அது உண்மையன்று என்று மறுக்கிறார். 1900-இன் பேரழிவுக்குப் பின்னும் அரண்மனையில் அந்த வதந்தி உயிரோடிருந்தது என்பதை இப்பகுதி உணர்த்துகிறது.

அந்த வதந்திக்குப் பழைய வரலாறு உண்டு. 1870-இல் தியான்ஜின் நகரில் பிறரன்புச் சகோதரிகள் நடத்திய அனாதை இல்லத்தில் நோயுற்ற குழந்தைகள் பலர் இறந்தனர். சாகும் தறுவாயில் இருந்த குழந்தைகளைச் சகோதரிகள் ஏற்றுத் திருமுழுக்களித்து வந்தனர். கண்களுக்காகவும் இதயங்களுக்காகவும் குழந்தைகள் கொல்லப்படுவதாகப் பேச்சு பரவிற்று. பிரெஞ்சுத் தூதர் ஆத்திரத்தில் கைத்துப்பாக்கியால் சுட்டது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது. ஜூன் 21-ஆம் நாள் கூட்டம் திரண்டு தூதரையும் பத்துச் சகோதரிகளையும் பிறரையும் கொன்றது.

இங்கே சற்று நின்று சிந்திப்போம். தியான்ஜின் சகோதரிகளைக் கொன்றது முதலில் ஒரு பொய். அன்புப் பணியைக் கொலையாகத் திரித்த அந்தப் பொய், கேட்டவர்கள் முன்பே வெறுத்தவர்களைப் பற்றியது என்பதால் எளிதாக நம்பப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்துப் பேக்கவுஸ் எழுதியதும் அதே வகையைச் சேர்ந்தது; அவருடைய வாசகரும் ஆய்ந்து பாராமலே நம்பினர். முதற் பொய்க்குக் கண்ணீர் வடிக்கும் நாம் இரண்டாம் பொய்யை ஆர்வத்தோடு வாசிப்போமானால், சகோதரிகளின் மரணத்திலிருந்து நாம் எதையும் கற்கவில்லை என்றே பொருள்.

புதினமும் மறுவாசிப்பும்

மறைப்பணியாளரின் மகளாகச் சீனத்தில் வளர்ந்த பேர்ல் பக், 1956-இல் சிஷியைக் கதைத்தலைவியாக்கி ஒரு புதினம் எழுதினார். ரோங்லூவும் பேரரசியும் இளமைக் காதலர் என்பது அதன் அச்சாணி. அதற்கு உறுதியான சான்று இல்லை. புதினத்துக்கு அவ்வுரிமை உண்டு என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஆட்சியாளரான ஒரு பெண்ணின் ஒவ்வொரு முடிவுக்கும் காதலிலோ காதல் முறிவிலோ காரணம் தேடும் பழக்கத்தை அது வலுப்படுத்துகிறது. ஆண் அரசர்களின் போரையும் வரியையும் நாம் அப்படி விளக்குவதில்லை.

2013-இல் யுங் சாங் எழுதிய வரலாறு தராசின் மறுதட்டைத் தாழ்த்திற்று. நவீன சீனத்தைத் தொடங்கி வைத்தவர் சிஷியே என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. 1902-இல் பெண்களின் பாதங்களைக் கட்டிக் குறுக்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு அரசாணை வந்தது. 1905-இல் உடலைச் சிறிது சிறிதாக வெட்டிக் கொல்லும் தண்டனை ஒழிந்தது. அதே ஆண்டில் நூற்றாண்டுகள் பழைமையான அரசுப் பணித் தேர்வு முறையும் முடிவுக்கு வந்தது. 1907-இல் பெண்கல்விக்கு அரசு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. பேக்கவுஸை மட்டும் படித்தவர் இவற்றைக் கண்டு வியப்படைவர்.

யுங் சாங்கின் நூல் சீன ஆவணங்களை விரிவாகப் பயன்படுத்துகிறது. நடை வாசகரை ஈர்க்கிறது. குவாங்ஷூவின் மரணத்துக்குப் பேரரசியே பொறுப்பு என்பதையும் மறைக்கவில்லை. குவாங்ஷூ இறந்தது பேரரசி இறப்பதற்கு முந்தைய நாள். அவருடைய எச்சங்களில் உயிரைப் போக்கும் அளவு ஆர்சனிக் நஞ்சு இருந்ததாக 2008-இல் சீன ஆய்வாளர் அறிவித்தனர். ஆணையிட்டவர் யார் என்பதற்கு நேரடி ஆவணம் வெளிவரவில்லை. இத்தகைய நேர்மை இருந்தும், நூலின் பொதுப்போக்கு வழக்கறிஞரின் வாதம் போலவே செல்கிறது. நல்லவை நடந்தால் பேரரசியின் தொலைநோக்கு. தீயவை நடந்தால் பிறரின் தூண்டுதல் அல்லது சூழலின் நெருக்கடி. கார்லின் ஓவியத்தில் மரபு விலக்கிய நிழலை இங்கே அன்பு விலக்குகிறது.

விலக்கக் கூடாத நிழல்கள்

பேக்கவுஸின் உதவியின்றியே நிற்கும் நிழல்கள் உண்டு. ஷான்டோங் மாநிலத்தில் பாக்ஸர்களுக்கு இடங்கொடுத்த ஆளுநர் யூஷியன், அயல்நாடுகளின் வற்புறுத்தலால் அங்கிருந்து நீக்கப்பட்டார். அவரையே 1900-இல் அரசவை ஷான்ஷி மாநில ஆளுநராக நியமித்தது. ஜூன் 21-இல் பேரரசியின் ஆட்சி அயல்நாடுகளோடு போர் அறிவித்தது. ஜூலை 9-ஆம் நாள் தாய்யுவான் நகரில் யூஷியனின் ஆணைப்படி ஆயர்கள் கிராசியும் ஃபொகொல்லாவும், குருக்களும், குருமாணவரும், ஏழு துறவுச் சகோதரிகளும், சீன இறைமக்களும் வெட்டிக் கொல்லப்பட்டனர். புராட்டஸ்டண்ட் சபையினரும் அவ்வாறே குடும்பங்களோடு மாண்டனர்.

அந்த எழுவரும் மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள். மதுரை மறைத்தளத்தில் உழைத்த பாடுகளின் மரி அன்னை உதகமண்டலம் சென்றபின், 1877-இல் திருத்தந்தையின் ஒப்புதலோடு பிறந்த சபை அது. நம் நீலகிரியில் தொடங்கிய ஒரு சபையின் முதல் மறைசாட்சியர் தாய்யுவானில் வீழ்ந்தனர். அச்செய்தியைப் பெற்றவர் அச்சபையை நிறுவிய அதே அன்னை.

ஜூலை 20-இல் சூஜியாஹே என்ற சிற்றூரில் அடைக்கலம் புகுந்திருந்த கத்தோலிக்கர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அங்கே பாக்ஸர்களோடு அரசுப் படையினரும் இருந்தனர். ஆலயத்துக்குள் மேரி சூ வூ என்ற பெண்மணி கைகளை விரித்து, குருவானவர் மாங்கினை மறைத்து நின்று குண்டேந்தி வீழ்ந்தார். பீக்கிங்கின் பெய்தாங் பேராலயத்தில் ஆயர் ஃபாவியேவுடன் மூவாயிரத்துக்கு மேற்பட்ட சீனக் கிறிஸ்தவர்கள் இரண்டு மாதங்கள் முற்றுகையில் கிடந்தனர். சுரங்க வெடிகளிலும் பசியிலும் பலர் இறந்தனர். இது தொலைதூரத்து மாநிலத்தில் அரசிக்குத் தெரியாமல் நடந்ததன்று. அவர் நகரிலேயே நடந்தது.

பேரரசிக்கு வேறு வழி இல்லை என்பாருக்கு விடை அவருடைய அமைச்சர்களிடமே உண்டு. போர் வேண்டாமென வாதாடிய ஐவர் அந்தக் கோடையில் தலை வெட்டப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஐரோப்பாவில் தூதராக இருந்த சூ ஜிங்செங். அவருடைய மாணவர் லூ ஜெங்ஷியாங் பின்னாளில் சீனக் குடியரசின் பிரதமரானார். மனைவி இறந்தபின் பெல்ஜியத்தில் பெனடிக்ட் சபைத் துறவியாகி, 1935-இல் குருப்பட்டம் பெற்றார். ஐரோப்பாவின் வலிமை அதன் சமயத்தில் உள்ளது, அதன் ஊற்றைத் தேடு என்று தம் ஆசிரியர் தந்த அறிவுரையே தம்மை அவ்வழியில் செலுத்தியதாக அவர் பதிவு செய்துள்ளார். தெற்கே லி ஹோங்ஜாங், ஜாங் ஜிதோங் போன்ற மாநில ஆளுநர்கள் போர் ஆணையைச் செயற்படுத்த மறுத்துத் தம் பகுதிகளில் அயல்நாட்டவரைக் காத்தனர். ஆகவே மாற்றுவழி இருந்தது, அதைக் கண்டவர்கள் இருந்தனர், சொன்னவர்கள் கொல்லப்பட்டனர்.

நம் பக்கத்துக் கணக்கு

இவ்வளவும் சொன்னபின் நம் மரபையும் நோக்க வேண்டும். மறைசாட்சியர் வரலாறு சொல்லும்போது அவர்களைக் கொன்ற அரசரை ஏரோது, நீரோ வரிசையில் நிறுத்திவிட்டு மேலே செல்வது நமக்கு எளிது. ஆனால் 1860-இல் கோடை அரண்மனை எரிவதற்கு முன் அங்கிருந்து ஓடியவருள் கைக்குழந்தைப் பருவம் கடந்த மகனோடு சிஷியும் ஒருவர். அந்தப் போரின் உடன்படிக்கைகளே மறைப்பணியாளருக்கு உள்நாட்டின் கதவைத் திறந்தன. 1899-இல் கத்தோலிக்க ஆயர்களுக்கு மாநில ஆளுநருக்கு இணையான நிலை அரசாணையால் வழங்கப்பட்டது. சீனக் குடியானவனின் கண்ணில் சிலுவையும் பீரங்கியும் ஒரே கப்பலில் வந்திறங்கின. கொலையை இது நியாயப்படுத்தாது. மேரி சூ வூ எந்தப் பீரங்கியையும் கொண்டு வந்தவர் அல்லர். ஆயினும் வெறுப்பு எங்கே விளைந்தது என்பதை இது விளக்குகிறது. 2001 அக்டோபரில் மத்தேயு ரிச்சி நினைவுக் கருத்தரங்குக்கு அனுப்பிய செய்தியில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், கடந்த காலத்தில் திருச்சபையின் மக்கள் சீனத்தில் செய்த தவறுகளுக்காக வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கேட்டார். அந்த மறைசாட்சியரைப் புனிதராக அறிவித்த அதே திருத்தந்தை ஓராண்டுக்குப் பின் அவ்வாறு கேட்டார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

சிஷியைப் பற்றிப் படிக்க விரும்பும் நம் வாசகர், யுங் சாங்கின் நூலைத் தாய்யுவான் மறைசாட்சியரின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்கட்டும். டிரெவர்-ரோப்பரின் ஆய்வையும் உடன் வைத்துக்கொள்ளட்டும். முதல் நூல் பேரரசியின் செயல்களைக் காட்டும். இரண்டாவது அச்செயல்களால் துன்புற்றவர்களைக் காட்டும். மூன்றாவது நூல் எழுதுகிறவரையும் ஐயுறக் கற்பிக்கும்.

சிஷி தம் நாட்டுப் பெண்களின் பாதங்களை அவிழ்க்க ஆணையிட்டவர். நேர்மையான அமைச்சர்களைக் கொலைக்களத்துக்கு அனுப்பியவரும் அவரே. இவ்விரண்டையும் ஒருவரிடமே காண்பது வாசகருக்குச் சுமையான வேலை. அதைக் குறைத்துக்கொள்ளவே அரக்கியையோ அன்னையையோ தேடுகிறோம். பகைவரை நேசிக்குமாறு நற்செய்தி நம்மைக் கேட்கிறது. இறந்துபோன ஒரு பகைவரிடம் நாம் காட்டக்கூடிய நேசம் மிகவும் எளியது. அவர் செய்ததைச் செய்தார் என்றும், செய்யாததைச் செய்யவில்லை என்றும் சொன்னால் போதும். தாய்யுவானிலும் சூஜியாஹேயிலும் உண்மைக்காக உயிர் தந்தவர்களை வணங்கும் நாம், அவர்களைக் கொன்ற ஆட்சியைப் பற்றியும் உண்மையையே சொல்லக் கடமைப்பட்டவர்கள்.